சில்லுப் பூட்டிய குசினி

என் கணவருக்கு எங்கள் வீட்டுக் குசினியில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. தேடிப் பார்த்ததும் இல்லை. கறியில் உப்புக் குறைந்தால், "உப்புக் காணாது" என்று வானொலியில் செய்தி வாசிப்பவரைப்போல அறிவிப்பார். யாராவது எழும்பிப்போய் எடுத்து வருவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த யாராவது எப்போதும் நான்தான்.

அதே மனிதரை ஒரு பூங்காவில் கொண்டுபோய் விட்டால் கதை வேறு. ரொறன்ரோவில் கோடை வந்தால் ஊர்ச் சங்கங்களின் ஒன்றுகூடல்களும் வந்துவிடும். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாயைச் சுற்றி, ஆட்டிறைச்சிக் கிடாரத்துக்கு முன்னால் அகப்பையோடு நிற்பார். உள்ளி எப்போது போடுவது, பெருஞ்சீரகம் எப்போது போடுவது என்று சுற்றி நிற்கும் ஆண்களுக்கு வகுப்பெடுப்பார். அவர்களும் வாயை மூடிக்கொண்டு கேட்கிற ஆட்கள் இல்லை. ஆளுக்கொரு அகப்பை, ஆளுக்கொரு அபிப்பிராயம். பெண்கள் நாங்கள் மரத்தின் கீழே பாய் விரித்து இருந்துகொண்டு, வீட்டில் தேத்தண்ணீர்கூடப் போடாத இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு தெரியுமா என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்போம்.

இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எங்கள் ஆண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கூரைக்குக் கீழே சமைத்தால் அது பெண்ணின் வேலை. வானத்துக்குக் கீழே சமைத்தால் அது ஆணின் திறமை. இந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருப்பதை நான் கண்டது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாங்கள் ஓர் ஆர்.வி. வாங்கிய பிறகுதான்.

ஆர்.வி. என்பது ஒரு சின்ன பஸ். அதற்குள்ளே கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, மலகூடம் எல்லாம் இருக்கும். வீட்டிலே இருக்கிற வசதிகளை எல்லாம் சின்னதாக்கி, வசதி இல்லாமல் செய்து, சில்லுப் பூட்டி விற்கிறார்கள். அதை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்ப் படுத்தெழும்பி வருவதற்குக் காம்பிங் என்று பெயர். கணவர் வேலை செய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பென்சனோடு இளைப்பாறப்போன ஒரு வெள்ளைக்காரர் தன்னுடைய பழைய ஆர்.வி.யை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இவருக்கு நித்திரை இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஊரிலே சண்டைக்குள் இடம்பெயர்ந்து, பள்ளிக்கூட வாங்கிலும் மரத்தடியிலும் படுத்தெழும்பியவள் நான். கூரையுள்ள ஒரு வீட்டுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம், வந்தபிறகு கூரையை விட்டு ஓடுவதற்கு ஒரு வண்டியா என்று கேட்டேன்.

"இஞ்சத்தைச் சனம் எல்லாம் இப்பிடித்தான் லீவு கழிக்குது. ஒரு சொந்தக்காரர் வீட்டிலையிருந்து மற்றச் சொந்தக்காரர் வீட்டை போறதை எத்தினை காலத்துக்கப்பா லீவெண்டு சொல்லுறது?" என்றார் அவர்.

வண்டியைப் பார்க்கப் போனோம். ஆண்கள் இருவரும் இயந்திர மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டார்கள். அந்த வெள்ளைக்காரரின் மனைவி என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். உப்பு, தூள் எல்லாம் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். எந்தக் குசினியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது அதுதான். அவர் ஓர் அலுமாரிக் கதவைத் திறந்தார், மூடினார். இன்னொன்றைத் திறந்தார். பிறகு கையை விரித்து, இது தன் கணவருடைய இடம், தனக்குத் தெரியாது என்றார். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு வயது போய்விட்டது, இதில் ஆசை விட்டுப்போச்சு என்று சொல்லும்போது அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. ஒரு பழைய வண்டிக்கு இப்படி உருகுவார்களா என்று நினைத்தேன். உப்பு இருக்கும் இடம் தெரியாதவள் என்ன பெண் என்றும் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவு ஆங்கிலம் அப்போது என்னிடம் இல்லை.

வாகனம் வாங்கினால் கோயிலில் பூசை செய்யாமல் ஓடக்கூடாது. ஐயர் வெளியே வந்து பார்த்துவிட்டு, "கார் எண்டெல்லோ சொன்னியள்" என்றார். முன்கண்ணாடியில் சந்தனம் வைக்க அவருக்குக் கை எட்டவில்லை, கதிரை கொண்டுவந்தார்கள். சில்லுக்கு ஒன்றாக நான்கு தேசிக்காய் கொண்டுபோயிருந்தோம். பின்பக்கம் இரட்டைச் சில்லு என்பதை ஐயர்தான் கண்டுபிடித்தார். உள்சில்லுக்குத் தேசிக்காய் தேவையா இல்லையா என்று தரிப்பிடத்தில் நின்று பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் இருந்த தேசிக்காய்களையே பாதியாக வெட்டிப் பங்கிட்டார்கள். நான் கைகூப்பி நின்று, இந்த வண்டியை யாராவது களவெடுத்துக்கொண்டு போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்தக் கடவுளுக்கு என்னிலே அவ்வளவு இரக்கம் இருக்கவில்லை.

நான் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவள். கோடையில் இரண்டு கிழமை, பதினான்கு நாள், தொழிற்சாலையை மூடுவார்கள். அதுதான் என் முழு வருடத்து லீவு. அந்த இரண்டு கிழமையும் இந்தத் தகரப் பெட்டிக்குள் இடியப்பம் அவிக்கப் போகிறேன் என்ற எரிச்சலோடுதான் முதல் பயணம் போனேன். நகரத்துக்கு வடக்கே ஓர் ஏரிக்கரை. எங்கள் மகளுக்கு அப்போது பதினொரு வயதிருக்கும். அவளுக்கு எல்லாம் கொண்டாட்டம்.

முதல் நாள் விடிந்தபோது கேத்தில் கூவுகிற சத்தம் கேட்டது. அடித்துப் பிடித்து எழும்பினேன். கணவர் அடுப்புக்கு முன்னால் நின்றார்.

"நீர் இரும். தேத்தண்ணி நான் போடுறன்" என்றார்.

"என்னப்பா, சுகமில்லையே?" என்று அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"காம்பிங்கிலை உதெல்லாம் ஆம்பிளையள்தான் செய்யிறது. அங்கை பாரும்" என்று யன்னலுக்கு வெளியே காட்டினார். உண்மைதான். அந்த ஏரிக்கரை முழுக்க வெள்ளைக்கார ஆண்கள் அடுப்புகளைக் குனிந்து ஊதிக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய பெண்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு கதிரைகளில் இருந்தார்கள். அந்தச் சட்டம் எங்கள் ஆட்களுடையது மட்டும் இல்லைப்போல. எங்கள் அடுப்புக்கு மேலே கூரை இருந்தது, ஆனால் கீழே சில்லு இருந்தது. சில்லுப் பூட்டியிருந்தால் அது குசினி இல்லை. ஓட்டை என்று நான் சொன்னது இதைத்தான்.

கலியாணம் கட்டி அவர் எனக்குப் போட்டுத் தந்த முதல் தேத்தண்ணீர் அது. சீனி கூட, சாயம் குறைவு. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே மடிப்புக் கதிரையில் போய் இருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணுக்குள் நுளம்பு போய்விட்டது என்று மகளுக்குச் சொன்னேன்.

மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி. அதே சாரம், அதே துவாய். பக்கத்தில் தங்கியிருந்த தம்பதிக்கு ஒரு கோப்பை அனுப்பினார். அவர்கள் தண்ணீர்ப் போத்தலும் கையுமாக வந்து நன்றி சொன்னார்கள். கறியில் உப்பு அள்ளிக் கொட்டிக் கிடந்தது. "இப்பிடி ஒரு கறி நான் என்ரை வாழ்க்கையிலை சாப்பிடேல்லை" என்றேன் நான். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். உண்மையையே பொருந்தச் சொல்லத் தெரிந்தால் இன்னும் நல்லது.

அந்த இரண்டு கிழமையும் நான் அடுப்படிப் பக்கம் போகவில்லை. போனால் பழக்கதோஷத்தில் கை அகப்பையைத் தேடும், அவருக்கும் இது யாருடைய வேலை என்று ஞாபகம் வந்துவிடும். கதிரையில் இருந்து பழைய சஞ்சிகைகளை விளம்பரம் உட்பட வாசித்தேன். நுளம்பு கடித்தது. கடிக்கட்டும். நுளம்பு கடிக்குமே தவிர, இரவைக்கு என்ன சாப்பாடு என்று கேட்காது.

திரும்பி வந்து ஸ்காபரோவில் எங்கள் மோர்னிங்சைட் வீட்டு வாசலில் வண்டி நின்றது. கணவர் இறங்கினார், சப்பாத்தைக் கழற்றினார், சோபாவில் சாய்ந்தார். "இஞ்சாரும், ஒரு தேத்தண்ணி" என்றார். ஒரு மனிதரைக் காட்டிலே மறந்துவிட்டு வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேனோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அதற்குப் பிறகு ஆர்.வி. விஷயத்தில் என்னைவிடப் பெரிய பக்தை ஸ்காபரோவிலேயே இல்லை. பனி உருகத் தொடங்கியதும் இந்த வருடம் எந்த ஏரி என்று நானே கதையைத் தொடங்குவேன். வேலையிடத்துப் பெண்கள் காட்டிலே கரடி வராதா என்று கேட்பார்கள். கரடிதான் சமைக்கிறது என்று சொன்னால் அவர்களுக்கு விளங்காது என்பதால் சும்மா சிரித்துக்கொள்வேன். வருடம் முழுக்க நான் பெட்டி அடுக்கியது அந்த இரண்டு கிழமைக்காகத்தான், அந்தக் காலைத் தேத்தண்ணீருக்காகத்தான். வேறு எந்தப் பெரிய ஆசையும் எனக்கு இருக்கவில்லை.

ஆனால் மனிதருக்கு வயது போகும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

முதலில் மகள் கழன்றாள். பதின்ம வயது வந்ததும், "அங்கை ஃபோன் இல்லை, ஒண்டும் இல்லை, இட்ஸ் ஸோ போரிங்" என்று சொல்லிவிட்டாள். பிறகு இவருடைய முழங்கால் முறைப்பாடு சொல்லத் தொடங்கியது. பிறகு முதுகு. பிறகு சீனி வருத்தம். காம்பிங் கட்டில் ஒடுக்கம் என்றார். அது வாங்கிய நாளிலிருந்து அதே அளவுதான், அகன்றது இவர். மலகூடத் தொட்டியைக் கழுவி ஊற்றுவது மணக்குது என்றார். அதுவும் ஆண்களின் வேலைதான். ஆனால் அந்த வேலைக்கு ஒருவரும் தலையில் துவாய் கட்டிக்கொண்டு வகுப்பெடுப்பதில்லை.

வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துவதுதான் பெரிய கண்டம். நான் பின்பக்கம் நின்று "வாங்கோ, வாங்கோ, இன்னும் வாங்கோ" என்று கைகாட்ட வேண்டும். முழு ஏரிக்கரையும் கோப்பியும் கையுமாக வேடிக்கை பார்க்கும். ஒரு கோடையில் நான் "நில்லுங்கோ" என்று கத்தினேன். அவர் அதற்கு முந்திய "வாங்கோ"வுக்கே கீழ்ப்படிந்துகொண்டிருந்தார். ஒரு சாப்பாட்டு மேசை சரிந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ஒரு வெள்ளைக்காரப் பெடியன் கைதட்டினான். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு இவருக்குக் காம்பிங்கில் இருந்த கொஞ்ச ஆசையும் இறங்கிவிட்டது.

அடுத்த கோடைக்கு எங்கே போவோம் என்று கேட்டேன். "பாப்பம்" என்றார். எங்கள் ஆட்கள் பார்ப்போம் என்று சொன்னால் அந்த விஷயத்தை இனித் திரும்பியும் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம். நான் விடவில்லை. வண்டிக்குள் இருந்த யன்னல் சீலைகளைத் தோய்த்து மாட்டினேன். விருந்தாட்கள் வந்தால், ஏரிக்கரையில் இவர் வைக்கிற கறி மாதிரி வராது என்று அவருக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னேன். அவர் ரீவியில் கண்ணை வைத்துக்கொண்டு, "அதெல்லாம் அந்தக் காலம்" என்றார். தமிழ்க் கடையில் வாடகைக்கு எடுத்த நாடக வீடியோக் கொப்பி ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பது தாண்டியவருக்கு இருபது வயதில் நடந்ததுபோல ஒரு பெருமூச்சு.

கடைசியில் ஒருநாள் சொன்னார்: "உதை வித்துப்போடுவம். எனக்கு இனி உதிலை விருப்பமில்லை. உமக்கும் வயசு போகுது. காட்டிலை கிடந்து கஷ்டப்படுறீர், பாவம்."

பாவம். எனக்காகத்தானாம் விற்கிறார். நீங்கள் சமைக்கிற அந்த இரண்டு கிழமைதான் எனக்கு வேணும் என்று வாய்வரை வந்தது. சொல்ல முடியாது. சொன்னால், "அப்ப வீட்டிலை நான் சமைக்க வேணுமெண்டு சொல்லுறீரோ?" என்று கேட்பார், அதோடு எல்லாம் முடிந்துவிடும். அவருக்கு அது சமையல் இல்லை, காம்பிங். அதைச் சமையல் என்று சொல்லிக்கொடுக்கிற மடைத்தனத்தை நான் செய்யவில்லை. பதிலுக்கு, மனதுக்குள் பழைய கடவுளிடம் போய், களவு போகட்டும் என்று வேண்டியதை வாபஸ் வாங்கினேன். இந்த முறையும் அவர் காதில் விழவில்லை.

வண்டியைப் பார்க்க ஓர் இளம் தம்பதி வந்தார்கள். சென் ஜேம்ஸ் ரவுணில் மாடிக்கட்டடத்தில் இருந்துவிட்டு ஸ்ரௌவ்வில் பக்கம் தனிவீடு எடுத்துப் போகிறவர்கள். ஆண்கள் இருவரும் இயந்திர மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டார்கள். அந்தப் பிள்ளையை நான் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அடுப்பைத் தடவிப் பார்த்தாள். முகத்திலே எரிச்சல் தெரிந்தது. எனக்கு அந்த எரிச்சலை நன்றாகத் தெரியும்.

"அன்ரி, உப்பு, தூளெல்லாம் எங்கை வைப்பியள்?" என்று கேட்டாள்.

நான் ஓர் அலுமாரிக் கதவைத் திறந்தேன். சட்டி இருந்தது. இன்னொன்றைத் திறந்தேன். கயிறும் ஒரு ரோச் லைற்றும் இருந்தன. மூன்றாவதைத் திறக்க எட்டிய கை அப்படியே நின்றது. அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் கலங்கிய கண் ஞாபகம் வந்தது. அவர் வண்டிக்கு உருகவில்லை. அவருக்கும் யாரோ காலையில் கோப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன். "நீரும் தெரிஞ்சு வைச்சிராதையும். மனுசன் எடுத்து வையும் எண்டாலும் வையாதையும். கதிரையை எடுத்துக்கொண்டு வெளியிலை போய் இரும்."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். இந்தக் கிழவி ஒரு நாளும் சமைத்ததில்லை என்று நினைத்திருப்பாள். விளங்க அவளுக்கு ஒரு கோடை வேண்டும்.

வண்டி போன அன்று நான் ஒரேயொரு மடிப்புக் கதிரையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். கணவர் தன்னுடைய நீளக் காம்பு அகப்பையை எடுத்து வைத்துக்கொண்டார். அதை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். சும்மா கிடக்கட்டும் என்றார். வண்டி தெருமுனையில் திரும்பியபோது எனக்குக் கண்ணீர் வழிந்தது. "ஒரு பழைய வண்டிலுக்கு ஆரும் அழுவினமே" என்று தோளில் தட்டினார். நல்ல மனிதர். பிறகு உள்ளே போய்ச் சோபாவில் இருந்து, களைப்பாக இருக்கிறது, ஒரு தேத்தண்ணி என்றார். போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் கோடை லீவை நான் குசினியில் கழித்தேன். காலையில் கேத்திலை நானே வைத்தேன், நானே இறக்கினேன். லீவு முடிந்து வேலைக்குப் போனபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அங்கே அரைமணித்தியாலம் சாப்பாட்டு இடைவேளையாவது உண்டு. ஒரு மனுசி தன் லீவு முடிந்ததற்குச் சந்தோஷப்படுகிறாள் என்றால் அந்த வீட்டில் ஏதோ பிழை.

இலை உதிரும் காலத்தில் வழி திறந்தது. கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருந்த மகள் ஒருநாள் தன்னுடைய கோட்டைத் தூக்கிக் காட்டி, "அம்மா, கறி மணக்குது. பஸ்ஸிலை ஆக்கள் திரும்பிப் பாக்கினம்" என்றாள். ஸ்காபரோவில் எந்தத் தமிழ் வீட்டிலும் இந்தப் பிரச்சினை உண்டு. அதற்கு மருந்தும் உண்டு: கராஜுக்குள் ஒரு காஸ் அடுப்பு. பொரியல், இறைச்சி, மீன் எல்லாம் அங்கே. நான் அடுத்த சனிக்கிழமையே அடுப்பையும் சிலிண்டரையும் வாங்கி இறக்குவித்தேன். கராஜ் கதவைத் திறந்துவிட்டு, அடுப்புக்கு முன்னால் போய் நின்று, பெருமூச்சு விட்டேன்.

"என்ன?" என்று கேட்டார்.

"உந்தச் சிலிண்டருக்குக் கிட்டப் போக எனக்குப் பயமாக் கிடக்கப்பா. ஏரிக்கரையிலை நீங்கள்தானே உதெல்லாம் பாத்தனீங்கள்."

"உதுக்கென்ன பயம்? தள்ளி நில்லும்" என்றார்.

பற்றவைத்தார். பற்றவைத்தவர் அப்படியே நின்றார். கராஜுக்குக் கூரை இருந்தது. ஆனால் கதவு திறந்திருந்தது, தெரு தெரிந்தது, குளிர்காற்று வந்தது, பக்கத்தில் காரின் சில்லு நான்கும் இருந்தன. அவர் தலைக்குள்ளே அந்தச் சட்டத்தைப் புரட்டிப் பார்ப்பது எனக்கு முகத்திலேயே தெரிந்தது.

"இறைச்சி எவ்வளவு கிடக்கு?" என்று கேட்டார்.

உள்ளே போய் அகப்பையை எடுத்து வந்தார். காற்சட்டைக்கு மேலே சாரம், அதற்கு மேலே குளிர்கோட்டு, தலையில் தொப்பி, தொப்பிக்கு மேலே துவாய். நான் கராஜ் வாசலில் மடிப்புக் கதிரையை விரித்து இருந்தேன். தெருவால் போன அயலவர் கை காட்டினார். இவர் அகப்பையால் பதில் கை காட்டினார். வெங்காயம் பொன்னிறமாக வரும்வரை அவசரப்படக்கூடாது என்று எனக்கு விளக்கினார். நானும் முதல்முறை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டேன். குளிரிலே கால் விறைத்தது. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து கனகாலம்.

கறி கொதித்தது. அகப்பையில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தார்.

"இஞ்சாரும், உப்பு எங்கை கிடக்கு?"

உப்பு குசினியில், அடுப்புக்கு இடப்பக்கத்து அலுமாரியில், மேல்தட்டில் இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

"எனக்கெப்பிடித் தெரியும்? சமைக்கிறது நீங்கள்தானே" என்றேன்.

என்னை ஒருமுறை பார்த்தார். அகப்பையைச் சட்டிக்குக் குறுக்கே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். அலுமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.